எவர்சில்வர் மயக்கம்

நம்ம ஊரில் ஒரு பொருளை விற்க 'எஸ்.எஸ்.' என்ற இரண்டு எழுத்து போதும். மாடிப்படிக் கைப்பிடி, தண்ணீர் டிரம், கல்யாணச் சீர் என்று எல்லா இடத்திலும் ஓடிய மந்திரம் அது. கார் பானெட்டுக்குள்ளும் அது புகுந்து ரொம்ப நாளாச்சு. 'ஃபுல் எஸ்.எஸ். ஹெட்டர் சார், துருவே பிடிக்காது, லைஃப் லாங்!' என்று ஒருத்தர் சொல்கிறார். பாதி மாதச் சம்பளத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு இன்னொருத்தர் வாங்கிப் போகிறார். பளபளப்பைத் தவிர என்ன வாங்கினோம் என்று அவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

ஹெட்டர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு நிமிடம். நாலு சிலிண்டர் எஞ்சினில் பெட்ரோல் எரிந்து முடிந்ததும் புகை நாலு வாசல் வழியாக வெளியே வருகிறது. பழைய கார்களில் கம்பெனி கொடுத்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் நாலு வாசல் கூட்டமும் ஒரே குறுகிய கூடத்தில் முட்டி மோதித்தான் வெளியேற வேண்டும். ஹெட்டரில் ஆளுக்கொரு தனிக் குழாய், கிட்டத்தட்ட ஒரே நீளத்தில். ஒரு சிலிண்டரின் புகை போகிற வேகமே அடுத்ததன் புகையை இழுத்துக்கொண்டு போகும். நாலு குழாய் இரண்டாகி, இரண்டு ஒன்றானால் அது '4-2-1'. நடு வேகத்தில் இழுவை நன்றாக இருக்கும். நாலும் ஒரே இடத்தில் கூடினால் '4-1'. எஞ்சின் அலறுகிற உயர் சுற்றில்தான் அதன் மகிமை தெரியும். ஊருக்குள் ஓட்டுகிற ஆளுக்கு முதலாவதுதான் சரி.

இதில் எவ்வளவு கிடைக்கும்? 2000-களின் தொடக்கத்தில் இங்கே விற்ற ஹோண்டா சிட்டி 1.5 விடெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 106 குதிரைசக்தி. இன்றைக்கும் அதைப் பிள்ளை மாதிரி வளர்க்கிற ஆட்கள் உண்டு. அப்படிப்பட்ட எஞ்சினில் ஹெட்டரை மட்டும் மாற்றினால் கூடுவது ஒற்றை இலக்கக் குதிரைகள். அதுவும் குழாயின் நீளம், அகலம், வளைவு எல்லாம் சரியாக இருந்தால். குழாய் எந்த உலோகம் என்பதற்கும் அந்தக் குதிரைகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. புகைக்கு எவர்சில்வர் என்ன, இரும்பு என்ன?

அப்புறம் எதற்கு எஸ்.எஸ்.? துருப்பிடிக்காது, சூடு தாங்கும் என்று பதில் வரும். எந்த எஸ்.எஸ்.? அதுதான் கேள்வி. 304 என்ற ரகத்தில் சுமார் 18 சதவிகிதம் குரோமியம், 8 சதவிகிதம் நிக்கல். விலை ஏறுவது நிக்கலால்தான். நான் பி.காம். படித்தவன், உலோகம் எனக்குப் பாடமில்லை. ஆனால் விலைப்பட்டியல் படிக்கத் தெரியும். 2022 மார்ச் 8-ம் தேதி லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் டன்னுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டி, வியாபாரத்தையே நிறுத்தி வைத்தார்கள். அப்படிப்பட்ட சரக்கை ஒருத்தர் உங்களுக்குப் பாதி விலையில் தருகிறார் என்றால், எங்கேயோ நிக்கலைக் குறைத்திருக்கிறார் என்று அர்த்தம். 201 என்று ஒரு ரகம் இருக்கிறது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசை ஏற்றினது. சாப்பாட்டுத் தட்டுக்கு ஓடும். மழைத் தண்ணீரும் கடல் காற்றும் அனல் புகையும் மாறி மாறி அடிக்கிற இடத்தில் 304 அளவுக்குத் தாங்காது.

'காந்தம் வைத்துப் பார்த்துத்தான் சார் வாங்கினேன், ஒட்டலை!' என்று ஒரு தம்பி சொன்னார். பாத்திரக் கடையில் அம்மா செய்வதைப் பார்த்துக் கற்ற வித்தை. இங்கே அது செல்லாது. 201-லும் காந்தம் ஒட்டாது. அசல் 304-ஐ வளைத்தால், வளைத்த இடத்தில் லேசாக ஒட்டும்! 409 என்ற ரகத்தில் காந்தம் 'பச்சக்' என்று ஒட்டிக்கொள்ளும். ஆனால் உலகமெங்கும் கார் கம்பெனிகள் எக்ஸாஸ்டுக்கு நம்பிப் போடுவது அதைத்தான். மேலே லேசாகத் துரு பூக்கும், உள்ளே உழைக்கும். ஆக, காந்தத்தை நம்புகிறவர் நல்லதை ஒதுக்கிவிட்டு மட்டமானதைத் தூக்கிக்கொண்டு வருவார். உண்மை தெரிய வேண்டுமென்றால், பெரிய பழைய உலோக வியாபாரிகளிடம் கையடக்க எக்ஸ்-ரே கருவி இருக்கிறது. வைத்த சில நொடியில் ஜாதகத்தையே சொல்லிவிடும்.

சரி, அசல் 304-தான் என்றே வைத்துக்கொள்வோம். அதோடு தீர்ந்ததா? 304-க்கு ஒரு குணம், சூட்டில் அதிகமாக நீளும். 40 செ.மீ. குழாய் 600 டிகிரி சூடு ஏறினால் 4 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். சாதா இரும்பு சுமார் 3 மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு தடவை எஞ்சினைப் போட்டு அணைக்கும்போதும் இந்த இழுபறி நடக்கிறது. குழாய் மெலிசு, பற்றவைப்பு அரைகுறை என்றால் விரிசல் விடும். எங்கே விடும்? பற்றவைத்த ஓரத்தில்தான், பெரும்பாலும்.

அதனால்தான் சொல்கிறேன், காசு போக வேண்டிய இடம் உலோகத்தின் பெயர் இல்லை, வேலைக்காரரின் கை. எவர்சில்வர் குழாயை வெளியே ஆர்கான் வெல்டிங் செய்தால் மட்டும் போதாது. பற்றவைக்கும்போது குழாயின் உள்ளேயும் ஆர்கான் ஓட வேண்டும். ஓடாவிட்டால் உள்பக்கம் கருகி, சர்க்கரைப் பாகு பொரிந்த மாதிரி சொரசொரவென்று கட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் மீன் செதில் போல அழகான கோடு. உள்ளே விரல் விட்டுப் பார்த்தால்தான் வண்டவாளம். ஆர்கானுக்கும் நேரத்துக்கும் காசு ஆகும். விலையைக் குறைக்கிறவர் முதலில் கை வைப்பது அங்கேதான். அடுத்து குழாய் கனம்: 1.5 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 1.2. அடுத்து எஞ்சினோடு சேருகிற தட்டு: 10 மி.மீ. கனத்தில், பற்றவைத்தபின் மறுபடி மட்டம் பிடித்து அரம் போட்டிருக்க வேண்டும். கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். ஆடினால் கேஸ்கட் நிற்காது.

நிற்காவிட்டால் என்ன, கொஞ்சம் சத்தம்தானே என்பார்கள். இல்லைங்க. ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். பெட்ரோல் பற்றவில்லை என்று கம்ப்யூட்டர் தப்புக் கணக்குப் போட்டு இன்னும் ஊற்றும். ஹெட்டரில் மிச்சம் பிடித்த காசை பங்க்கில் கட்டுவீர்கள். அதைவிட மோசம், பானெட்டுக்குள் கசியும் கார்பன் மோனாக்சைடு ஏ.சி. காற்றோடு உள்ளே வரலாம். அதற்கு வாசனை கிடையாது. பின்சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்.

கையில் காசு கம்மி என்றால் என்ன செய்வது? கறுப்பு இரும்புக் குழாயில், 1.5 மி.மீ. கனத்தில், வளைவில் நசுங்காமல், தட்டு மட்டமாக ஒரு ஹெட்டர் செய்யச் சொல்லுங்கள். சூடு தாங்கும் பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள். துருப்பிடிக்கும், ஆமாம். சில வருஷம் கழித்து மாற்ற வேண்டி வரும். ஆனால் அத்தனை வருஷமும் வேலை செய்யும். மட்டமான எஸ்.எஸ்.ஸைவிட நல்ல இரும்பு எவ்வளவோ மேல். இதைச் சொன்னால் கார் பிரியர்கள் முகம் சுளிக்கிறார்கள். பானெட்டைத் திறந்தால் நண்பர்கள் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டாமா என்கிறார்கள். அப்படியானால் அது ஹெட்டர் இல்லை சார், ஷோகேஸ்!

ஒழுங்காகச் செய்கிற பட்டறைக்காரர்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள். கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயம் நடக்கிற ஊர்களாயிற்றே! இரண்டு மூன்று நாள் காரைப் பட்டறையில் விட்டுவிட்டு வரச் சொல்வார்கள், அளவெடுப்பார்கள், மாதிரி கட்டிப் பார்ப்பார்கள். அவர்கள் கேட்கிற கூலியைக் கேட்டு மலைத்து, பெட்டியில் வந்த பளபளப்பை வாங்குகிறோம். அப்புறம் விரிசல் விட்டதும் அதைத் தூக்கிக்கொண்டு அதே பட்டறைக்காரரிடம்தான் போகிறோம், 'கொஞ்சம் பத்த வெச்சுக் குடுங்கண்ணே' என்று.

புது கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.6 கார்கள் பலவற்றில் புகை சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் எஞ்சினை ஒட்டியே இருக்கிறது. அங்கே ஹெட்டர் போட அதைக் கழற்ற வேண்டியிருக்கும். கழற்றினால் சட்ட விரோதம். அனுமதி இல்லாத மாற்றத்துக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். பழைய காருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். டிராக்கில் ஓட்டுகிற வண்டிக்குப் போடுங்கள், ரோட்டில் வேண்டாம்.

போட்டே தீருவேன் என்பவர் கடையில் ஒன்றே ஒன்று செய்யுங்கள். பில்லில் 'எஸ்.எஸ்.' என்று மட்டும் எழுதாமல், ரகத்தின் நம்பரையும் குழாயின் கனத்தையும் எழுதி ரப்பர் ஸ்டாம்ப் வைத்துத் தரச் சொல்லுங்கள். 'அதெல்லாம் எதுக்கு சார், நம்பி எடுத்துட்டுப் போங்க' என்பார். நீங்கள் பர்ஸை எடுக்காமல் நில்லுங்கள்.