மனு வரும்வரை காத்திருக்கும் சட்டம்

பள்ளிகொண்டாவில் ஒரு வீட்டில், எழுபது வயதைத் தாண்டிய தாயை மகனே அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சத்தம் கேட்கிற பக்கத்து வீட்டார் யாரிடம் போய்ச் சொல்வது? உள்ளூரில் காவல் நிலையம் இருக்கிறது. அணைக்கட்டில் வட்டாட்சியர் இருக்கிறார். வேலூரில் கோட்டாட்சியரும் மாவட்ட சமூகநல அலுவலரும் இருக்கிறார்கள். திங்கள்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. ஆனால், அந்த வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே போய் விசாரித்து வருவதையே முழுநேர வேலையாகக் கொண்டவர் இவர்களில் ஒருவரும் இல்லை.

அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் முதியோர், மாற்றுத்திறனாளிகள் மீதான கொடுமைகளை விசாரிப்பதற்கென்றே தனி அமைப்பு உண்டு. புகார் வந்தால் விசாரணையாளர் வீடு தேடிப் போகிறார். இங்கிலாந்தின் 2014 பராமரிப்புச் சட்டம், இப்படி ஒருவர் ஆபத்தில் இருப்பதாகச் சந்தேகம் எழுந்தாலே உள்ளாட்சி நிர்வாகம் விசாரித்தாக வேண்டும் என்கிறது.

சட்டத்துக்குக் குறைவில்லை

நம்மிடமும் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007 முதல் இருக்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வழங்க உத்தரவிடலாம். முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மனு இல்லாமல் தாமாகவே விசாரணையைத் தொடங்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் (2016) 7ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: கொடுமை நடப்பதாக யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் தகவல் தரலாம்.

இவ்வளவு இருந்தும் நடைமுறையில் எல்லாம் மனுவில்தான் தொடங்குகிறது. படுக்கையை விட்டு எழ முடியாதவர், தன் பென்ஷன் பணம் எங்கே போகிறது என்றே அறியாதவர், மகனைக் காட்டிக்கொடுக்க மனம் வராதவர் ஆகியோர் எப்படி மனு எழுதுவார்கள்?

60 வயதைக் கடந்தோரில் ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதாவது ஒரு கொடுமைக்கு ஆளாகிறார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. வெளியே வருவது 24இல் ஒன்றுதான் என்றும் அது சொல்கிறது. 2017-18இல் இந்தியாவில் நடந்த முதுமை குறித்த தேசிய ஆய்வில், தாம் மோசமாக நடத்தப்பட்டதாகச் சொன்ன முதியோர் சுமார் 5 விழுக்காட்டினர். மருமகள் வாசற்படியில் நிற்கும்போது கேட்டால், “நல்லாத்தான் பாத்துக்குறாங்க” என்ற பதில்தான் வரும்.

தேர்ந்த விசாரணையாளரின் திறமை இங்குதான் தேவைப்படுகிறது. அவர் முதியவரிடம் தனியாகப் பேசுவார். கீழே விழுந்தால் முழங்கையிலும் முட்டியிலும் அடிபடுவது வழக்கம். மேல்கையின் உள்பக்கம் விரல் பதிந்ததுபோல் கன்றியிருந்தால் வேறு கேள்வி எழும். மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் கிடக்கிறதா? முதியோர் உதவித்தொகையை எடுப்பது யார், ஏடிஎம் கார்டு யார் கையில் இருக்கிறது? செட்டில்மென்ட் பத்திரம் எழுதியாகிவிட்டதா? பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் இருந்தால்தான் அதை ரத்துசெய்ய முடியும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பில், சட்டத்தின் நோக்கத்தை மனதில் கொண்டு தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. எந்தத் தீர்ப்பும் பயன்பட வேண்டுமானால், பத்திரத்தை வாங்கிப் படித்துப்பார்க்கிற ஒருவர் முதலில் வீட்டுக்குள் நுழைந்தாக வேண்டும்.

பூட்டுக்குப் பின்னால்

தோல் தொழில் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பள்ளிகொண்டா, ஆம்பூர், பேரணாம்பட்டு சுற்றுவட்டாரத்தில் ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்குப் போவோரில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டில் படுத்திருக்கும் மாமியாரையோ, மனவளர்ச்சி குன்றிய தம்பியையோ பார்த்துக்கொள்பவரும் அதே பெண்தான். காலையில் கம்பெனி வண்டி வந்துவிடும். சோற்றையும் தண்ணீரையும் பக்கத்தில் வைத்துவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு போகிறார். இது கொடுமையா, வேறு வழியில்லாமையா? சில வீடுகளில் முதலாவது, சில வீடுகளில் இரண்டாவது. நேரில் போய்ப் பார்க்காமல் பிரித்தறிய முடியாது. முதல் வீட்டுக்குப் போலீஸ் தேவை. இரண்டாவது வீட்டுக்குத் தேவை பகல்நேரப் பராமரிப்பு மையம். பாலாற்றுக்கு அக்கரையில், கே.வி.குப்பம் பகுதியில் சிஎம்சி மருத்துவமனையின் ‘ரூசா’ அமைப்பு, முதியோர் பகலில் கூடிச் சாப்பிட்டுப் பொழுதுபோக்கும் மையங்களை நடத்திக் காட்டியிருக்கிறது.

பூட்டைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் கருகினார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்தது. ஆனாலும் 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரமத்திலிருந்து 140 பேருக்கு மேல் மீட்கப்பட்டார்கள். முறையான அனுமதி இல்லாமல் இயங்கிய அந்த இடம் தெரியவந்ததும் வழக்கமான ஆய்வால் அன்று. அங்கே சேர்க்கப்பட்ட முதியவரைக் காணவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒருவர் ஆட்கொணர்வு மனு போட்டதால்தான். தேடி வர ஆளில்லாதவர்கள் அங்கே எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

போகிறவர்கள் இருக்கிறார்கள்

நல்ல செய்தி என்னவென்றால், தமிழ்நாட்டில் வீடு தேடிப் போகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் பிபி, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் வந்த ‘தாயுமானவர்’ திட்டம் மூத்தோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டு வாசலுக்கு ரேஷன் பொருட்களைக் கொண்டுபோனது. இப்படிப் போகிறவர்கள் என்னென்ன கவனிக்க வேண்டும், சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று பயிற்சி கொடுக்கலாம். ஆனால், விசாரிக்கும் பொறுப்பையும் அவர்கள் தலையில் கட்டக் கூடாது. குறைந்த ஊக்கத்தொகைக்கு அதே தெருவில் வேலைபார்க்கும் ஒரு பெண், தெருக்காரரின் மீது புகார் எழுதிவிட்டு அடுத்த மாதம் அதே வீட்டுக்குப் போக முடியாது.

அதற்கு வட்டத்துக்கு ஒருவராவது, சமூகப்பணி படித்த, நுழைந்து விசாரிக்கும் அதிகாரமுள்ள அலுவலர் வேண்டும். அவர் கோட்டாட்சியருக்கு நேரடியாக அறிக்கை கொடுக்க வேண்டும். மூத்த குடிமக்களுக்கான 14567 உதவி எண்ணுக்கு வரும் அழைப்பும் அவர் கைக்கு வந்துசேர வேண்டும். தனியாக வாழும் முதியோரை மாதம் ஒருமுறையாவது காவல் துறையினர் போய்ப் பார்க்க வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரி விதிகளே சொல்கின்றன. காவல் நிலையத்துக்கு ஒரு பொறுப்பு அதிகாரியை நியமிக்க வழிசெய்த 2019 சட்டத்திருத்த மசோதா நிறைவேறாமலே காலாவதியானது. அது மறுபடி வரும்வரை தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதில்லை. 2007 சட்டத்தின் 32ஆம் பிரிவு விதிகள் வகுக்கும் அதிகாரத்தை மாநிலத்துக்கே தந்திருக்கிறது. 2009இல் அப்படி வகுத்த விதிகளில், விசாரணை அலுவலருக்கென்று ஓர் அத்தியாயத்தைச் சேர்க்கும் வேலையைச் சமூகநலத் துறை தொடங்கலாம்.