கறுப்பின் மெருகும் கைத்தொழிலின் மதிப்பும்

ஐம்பது ஆண்டுகளைக் கடந்தும் மூல வடிவம் சிதையாதிருக்கும் இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்கள் என்று தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம் என மத்திய அரசு 2021 ஜூலையில் விதி வகுத்தது முதற்கொண்டு, வீட்டுப் பின்கட்டிலும் மாட்டுக் கொட்டகையிலும் சாக்குப் போர்த்திக் கிடந்த பழைய மோட்டார் சைக்கிள்களின் மேல் நம்மவர்களுக்குப் புதியதொரு வாஞ்சை பிறந்திருக்கிறது. முதற்பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் அந்த வண்டியை நாள்தோறும் ஓட்டவோ வாணிபத்துக்குப் பயன்படுத்தவோ கூடாது. ஓடுவதற்கென்றே பிறந்த ஓர் இயந்திரம் இவ்விதம் காட்சிக்குரிய பொருளாக மாறும்போது, அதன் மேனிக்கு ஏற்றும் வர்ணம் முன்னெப்போதும் இல்லாத முக்கியத்துவம் பெறுவது இயல்பே. அந்த வர்ணங்களுள் மிகக் கடினமானது கறுப்பு. அதைக் குற்றமறச் செய்து முடிக்கும் தொழிலாளிக்கு நாம் கொடுக்கும் காலமும் கூலியும் பாதுகாப்பும் அவருடைய வித்தைக்குச் சற்றும் பொருத்தமானவை அல்ல என்பதும், அந்நிலை மாறியாக வேண்டும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

இவ்விஷயத்தில் தமிழ்நாட்டுக்குத் தனி உரிமையும் உண்டு, தனிக் கடமையும் உண்டு. இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியாரும் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவை நிறுவி, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் புல்லட் வண்டியை உருவாக்க முற்பட்டனர். சீமையிலிருந்த தாய்க் கம்பெனி 1970-களின் தொடக்கத்துக்குள் மறைந்துவிட்ட பின்னும் இங்கே அதன் உற்பத்தி நிற்கவில்லை. அந்த ஆலையிலிருந்து முதல் இருபது ஆண்டுகளில் வெளிவந்த வண்டிகள் யாவும், மூல வடிவம் சிதையாதிருந்தால், இன்று பழம்பெரும் வாகனம் என்னும் ஸ்தானத்துக்கு உரியவை. நகரத்துச் செல்வர்களின் கூடத்தில் மட்டுமே அவை இருப்பதாக எண்ணிவிடலாகாது. கொடைக்கானலிலிருந்து மேற்கே பூம்பாறையைக் கடந்து, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், புல்வெளியும் ஏரியும் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையமும் சூழ அமைந்திருக்கும் மன்னவனூர் போன்ற மேல்மலைக் கிராமங்களிலும், பூண்டு மூட்டையும் உருளைக்கிழங்கு மூட்டையும் சுமந்து ஏற்றத்தில் உழைத்துத் தேய்ந்த பழைய புல்லட்டுகளை இன்றும் காணலாம்.

கறுப்பு ஏன் கடினம் என்பதை ஒளியின் இயல்பைக்கொண்டு அறிந்துகொள்ளலாம். வெள்ளை வர்ணம் தன்மேல் விழும் ஒளியின் பெரும்பகுதியை உள்ளிருந்தே சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது; பளபளப்பான மேற்பரப்பிலிருந்து நேரே திரும்பும் ஒளியோ நூற்றில் நான்கு பங்குதான் ஆகையால், அந்தப் பெருவெள்ளத்தில் அது அமிழ்ந்துபோக, தகட்டின் மேடுபள்ளங்களும் அதனோடு மறைந்துவிடுகின்றன. கறுப்பு, தன்னுள் அடங்கிய கரியின் நுண்துகள்களால் உட்புகுந்த ஒளியை ஏறத்தாழ முழுவதும் விழுங்கிவிடுவதால், பார்ப்பவர் கண்ணுக்கு எஞ்சுவது அந்த நான்கு பங்கு மட்டுமே. கறுப்பு டேங்கைப் பார்க்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, உண்மையில் அதில் விழுந்த பிரதிபிம்பத்தையே பார்க்கிறோம். வெறுங்கண்ணுக்கும் விரலுக்கும் புலப்படாத ஒரு சிறு நெளிவு, மேலே எரியும் டியூப்லைட்டின் நேர்க்கோட்டைப் பாம்பாக வளைத்துக் காட்டிவிடுகிறது.

ஆகவே கறுப்பு வேலை, கறுப்பு டப்பாவைத் திறப்பதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. பழைய வர்ணத்தை ரிமூவர் இட்டு உரித்து, துருவை அடியோடு போக்கி, டிங்கர் வேலைக்காரர் ஒடுக்குகளைத் தட்டி நிமிர்த்திய பிறகு, வெற்றுத் தகடு ஈரக்காற்றில் மீண்டும் துருவேறுவதற்குள் பிரைமர் பூசப்பட வேண்டும். ஒடுக்கை நிமிர்த்தச் சோம்பி அதைப் பட்டி போட்டு நிரப்புவோரின் வேலை சில கோடைகளுக்குள் வெடித்துத் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்.

மன்னவனூரில் ஒரு பட்டறையில் புல்லட்டின் பெட்ரோல் டேங்க் ஒன்று இந்நிலையைக் கடந்து, சாம்பல் நிறச் சர்ஃபேசர் என்னும் இடைப்பூச்சு பூசப்பட்டிருந்தது. அதன்மேல் அங்கிருந்த தொழிலாளி கறுப்பை மிக மெல்லிய தூவலாக அடித்து, அது உலர்ந்ததும், ரப்பர் கட்டையில் சுற்றிய 400-ஆம் எண் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்கலானார். மேடான இடங்களில் கறுப்பு உடனே அகன்று சாம்பல் நிறம் வெளிப்பட்டது. முழங்கால் படும் இடத்துக்குச் சற்று மேலே மட்டும், ஓர் எட்டணா அகலத்துக்குக் கறுப்பு போகாமல் நின்றது. அதுவே பள்ளம். அவர் கண்ணை மூடிக்கொண்டு இடது உள்ளங்கையை அதன்மேல் மெல்ல ஓட்டிப் பார்த்துவிட்டு, அந்த எட்டணா அகலப் பள்ளத்துக்காக டேங்கின் பக்கம் முழுவதையும் மறுபடி சர்ஃபேசர் பூசித் தேய்ப்பதற்கு ஒதுக்கி வைத்தார். அதற்குள் ஏரிப் பக்கத்திலிருந்து வெண்மூட்டம் பட்டறை வாசலுக்கு வந்துவிட்டது. “மேகம் எறங்கிருச்சுங்கய்யா, இனிமே ஸ்ப்ரே கன்னைத் தொட்டா வெளுத்துப்போயிரும்” என்று சொல்லி, மற்றொரு பாகத்துக்காகக் கலக்க எடுத்துவைத்திருந்த பெயிண்டை மூடிவிட்டார்.

அவர் சொன்னதில் சாஸ்திரம் இருக்கிறது. நைட்ரோசெல்லுலோஸ் வர்ணத்தை 1923-இல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியார் டூகோ என்னும் பெயரில் வெளியிட்டபோது, நாட்கணக்கில் உலர வேண்டியிருந்த வண்டிகள் சில மணி நேரத்தில் உலர்ந்தன. அந்த வேகமே மலைநாட்டில் விரோதியாகிறது. தின்னர் விரைந்து ஆவியாகும்போது பரப்பிலுள்ள வெப்பத்தையும் கவர்ந்து செல்வதால், பரப்பு சுற்றுக்காற்றைவிடக் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் நீராகப் படிந்து, கறுப்பு சாம்பல் பூத்துவிடுகிறது. இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் இக்காலத்துப் பியூ (பாலியூரித்தேன்) வர்ணத்திலும் அபாயம் நீங்கவில்லை. அதன் ஹார்ட்னர் ஈரத்தோடு வினைபுரிந்து வாயுவை உண்டாக்கி, படலத்தில் நுண்குமிழிகளை எழுப்பிவிடும். காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட உலோகம் 3 டிகிரி செல்சியஸாவது சூடாக இருக்கவேண்டும் என்பது வர்ணத் தொழிலில் பொதுவாகக் கைக்கொள்ளப்படும் நியதி. மேல்மலையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அந்த நிலை வாய்ப்பது அரிது. மாசி, பங்குனியில் நடுப்பகலில் கிடைக்கும் சில மணி நேரமே கைகொடுக்கும். முகூர்த்தத்துக்கு முன்னால் வண்டி வேண்டும் என்று பட்டறை வாசலில் நின்று நெருக்குகிறவர், அந்த ஒரு சொல்லாலேயே தம் வண்டியின் மேனியைக் கெடுத்துக்கொள்கிறார்.

நெருக்குவதால் விளையும் கேடு மூடுபனி இல்லாத சமவெளியிலும் உண்டு. பட்டியிலும் சர்ஃபேசரிலும் தங்கிய தின்னர் முற்றும் வெளியேறப் பல நாட்கள், சில வேளை வாரங்களும் ஆகும். அது வெளியேற வெளியேற அந்தப் படலம் சுருங்கும். அதற்குமுன் கறுப்பை ஏற்றிவிட்டால், கொடுக்கும் நாளில் கண்ணாடியாய் ஜொலித்த டேங்கில், ஓரிரு மாதங்களில் அடியிலிருந்த பேப்பர் கீறல்கள் ஒவ்வொன்றாக மேலெழும். செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புச் சுவர், அரைத்துப் புளிக்கவைத்த கலவையைப் படிப்படியாகப் பூசி, ஒவ்வொரு பூச்சையும் அதனதன் பதத்தில் தேய்த்ததனால்தான் தலைமுறைகள் கடந்தும் குளிர்ந்த பளபளப்போடு நிற்கிறது. அங்கே கொத்தனாருக்குக் கொடுத்த அவகாசத்தை இங்கே பெயிண்டருக்கு ஏன் மறுக்கிறோம்?

கறுப்பு ஏறிய பிறகும் பிரயாசை ஓய்வதில்லை. 1500, 2000 எண் பேப்பர்களால் ஈரத்தில் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டு கொண்டு மெருகேற்றும்போது, ஒரு தலைமயிரின் பருமனைவிட அதிகமில்லாத படலத்தில் சில மைக்ரான்களை மட்டும் கழிக்கவேண்டும். விளிம்புகளில் வர்ணம் மெலிந்திருப்பதால், கை ஒரு கணம் அங்கே கூடுதலாக நின்றால் அடிப்பூச்சு தெரிந்துவிடும். அதன்பின் டேங்கில் பொற்கோடு இழுப்பதற்கு, திருவொற்றியூர் ஆலையில் வழிவழியாக வந்ததைப்போல, நீண்ட மயிர்த்தூரிகையும் நடுங்காத கையுமே கருவி. இவ்வளவுக்கும் பெரும்பாலான பட்டறைகளில் கூலி பேசப்படுவது வர்ணத்தின் விலையோடு சேர்த்து, மொத்தமாக. தேய்த்த நாட்களுக்குக் கணக்கில் இடமே இல்லை. தேய்ப்புக்குத் தனியாக, நாட்கூலியாக ஊதியம் தருவதே நியாயம். அவ்வாறு தந்தால், பட்டியைக் குழைத்துப் பள்ளத்தை மூடிவிடும் நிர்ப்பந்தம் தொழிலாளிக்கு இராது.

மூல வர்ணத்தை அழித்துப் புதுக்கறுப்பு ஏற்றுவதே தவறு என்று சொல்லும் ரசிகர்கள் இருக்கிறார்கள். ஆலையில் பூசிய வர்ணம் பெரும்பகுதி பிழைத்திருக்கும் வண்டியைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது முற்றிலும் சரி. அத்தகைய வண்டியைக் கழுவி, மெழுகிட்டு, அப்படியே காப்பதே உத்தமம். ஆனால் மலைமழையில் தகடு அரித்து, மூன்று கைகள் மூன்று நிறம் பூசிய வண்டியில் காப்பதற்கு மூலம் எங்கே இருக்கிறது? அங்கே புதுப்பிப்பதே கடமை. சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பொறித்த இடங்களை வர்ணத்தால் மூழ்கடிக்காமல் இருந்தால் போதும். பவுடர் கோட்டிங் மலிவாயிற்றே, உறுதியாயிற்றே என்பாரும் உண்டு. சேஸிசுக்கும் ஸ்டாண்டுக்கும் அது தகும். ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் சுடும் அம்முறை, பட்டி இட்ட டேங்குக்கு ஒவ்வாது. அதன் தடித்த பூச்சு ஆரஞ்சுத் தோல்போல் மேடுபள்ளமாக நிற்பதால் கண்ணாடிப் பிரதிபிம்பம் அதில் எளிதில் வாய்ப்பதில்லை.

எல்லாவற்றிலும் என்னை மிகவும் வருத்துவது, இந்த அழகுக்காக நம் தொழிலாளிகள் கொடுக்கும் மூச்சு. பியூ ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் என்னும் ரசாயனம் நுரையீரலைத் தாக்கி ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவும் மூச்சை அடைத்துவிடும். மூக்கில் கட்டிய ஈரத்துண்டு இதைத் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடியே தகுந்த காப்பு. பழைய வர்ணங்களில் ஈயமும் இருந்திருக்கக்கூடும் என்பதால், அவற்றை உலர்ந்தபடியே தேய்த்துத் தூசி கிளப்புவதும் தீங்கு. ஒரு வண்டியின் உதிரிபாகங்களுக்குப் பல்லாயிரம் ரூபாய் செலவிடுகிறவர், அந்த முகமூடிக்கும் தாமே பணம் தருவதாகப் பட்டறையில் முதலிலேயே சொல்லிவிடுவது தர்மம்.

அரசுக்கும் இதில் கடமை உண்டு. பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவெண் கொடுத்துக் கௌரவித்த அரசு, அவற்றைப் பழம்பெருமையோடு வைத்திருக்கும் கைகளை மறந்துவிட்டது. நம் தொழிற்பயிற்சி நிலையங்களில் வாகன வர்ணத் தொழிலைப் பாதுகாப்பு முறைகளோடு சேர்த்துக் கற்பிக்கவேண்டும். முதிர்ந்த தொழிலாளிகளையே அங்கு ஆசான்களாக நியமித்து, பட்டறைகளுக்கு முகமூடியும் காற்றுப்போக்கும் அமைத்துக்கொள்ளக் கடனுதவி செய்யவேண்டும். வாகனக் கண்காட்சி நடத்துவோர் வண்டியின் உடைமையாளர் பெயருக்கு அருகில், வர்ணம் பூசியவர் பெயரையும் எழுதிவைக்கட்டும். பரிசு வாங்கும் கறுப்பு அவர் கை தேய்த்த கறுப்பு. அந்தப் பரிசில் அவருக்குப் பங்கு உண்டு என்பதை எழுத்திலும் ஊதியத்திலும் ஒப்புக்கொள்ளும் நாளில்தான், பழைமையைப் போற்றுகிறோம் என்று சொல்லிக்கொள்ள நமக்குத் தகுதி உண்டாகும்.