தென்னமரம்: நம்மூர் வரலாறு

2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையின் அருகே தென்னமரம் தோட்டம் உள்ளது. பெயரோ தென்னை, புகழோ செம்பனையால்! நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் அங்குதான் உருவானது. உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே, மலாயாவைப் பற்றிய நாவலுக்காக 1930இல் கோன்கூர் பரிசும் பெற்றார்.

அவர் பெயர் நிலைத்தது. அங்கு வியர்வை சிந்திய தமிழர்களின் பெயர்கள் எங்கே?

நான்காம் ஆண்டில் வரலாற்றுப் பாடம் தொடங்குகிறது. ஆசிரியர்கள் மலாக்காவுக்கு முன் இவ்வூரை வரைபடத்தில் காட்டலாம் என்பது என் கருத்து. பெற்றோர்களே, பாட்டி எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில் பிறந்தார் எனப் பிள்ளைகளையே கேட்டு எழுதச் சொல்லுங்கள். பட்டணம் பெயர்ந்துவிட்ட குடும்பங்களில் அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள்.