மாளிகைகளின் பெருமை

பிரான்சு தேசத்தின் லுவார் நதிப் பள்ளத்தாக்கிலே பழைய அரச மாளிகைகள் பல உள. அவற்றைக் காணச் செல்வோர் கோபுரங்களையும் கொலுமண்டபங்களையும் கண்டு வியத்தல் இயல்பே. ஆயினும் அவ்வியப்பு மாத்திரம் போதாது என்பேன்.

முதலாம் பிரான்சுவா மன்னன் 1519இல் சாம்போர் மாளிகையைக் கட்டத் தொடங்கினான். ஏறுவோரும் இறங்குவோரும் எதிர்ப்படாவண்ணம் இரண்டு படிவரிசைகள் ஒன்றையொன்று சுற்றியெழும் விந்தை அங்குளது. இத்துணை முயன்றும், வேட்டைக்கெனச் சமைத்த அம்மாளிகையில் அவன் தங்கியது சில கிழமைகளே. ஆனால் 1939இல் போர் மூண்டபோது, பாரிஸ் லூவர் அரும்பொருட்சாலையின் ஓவியச் செல்வங்கள் அங்கே அடைக்கலம் புகுந்தன. மோனா லிசாவும் அவற்றுள் ஒன்று.

செர் ஆற்றின்மேற் பாலம்போல் நீண்டு கிடப்பது செனோன்சோ மாளிகை. விருந்துக்கும் நடனத்துக்கும் உரியதாயிருந்த அதன் நெடுங்கூடம், 1914இல் எழுந்த போரிலே காயமுற்ற வீரர்க்கு மருத்துவமனையாயிற்று. அதன் செலவைச் சாக்கிலேட்டு வணிகரான மெனியே குடும்பத்தார் ஏற்றனர். 1940இல் ஜேர்மனியர் கைப்பற்றிய நிலத்துக்கு அந்நதியே எல்லையானபோது, அக்கூடத்தின் தென்வாயில் வழியே பலர் தப்பிச் சென்றனர்.

பழம்பொருளைக் காத்தலென்பது கல்லைக் காத்தல் மாத்திரமன்று. அக்கல் யார்க்கு நிழலாயிற்று என்னும் நினைவைக் காத்தலுமாம். மாளிகையைக் கட்டியவன் பெயரை மாணவர்க்குக் கற்பிக்கும் நாம், அது பிற்காலத்தில் யாரைக் காத்தது என்பதையும் கற்பித்தல் வேண்டும். கட்டினோன் புகழ் சுவரோடு நிற்பது. அடைக்கலம் தந்த புகழே மாளிகைக்கு உயிர்.