"பிளாஸ்டிக் ஃபெக்டரிக்கா?" என்று கேட்பவர்களுக்கு

ஓ.எல். பெறுபேறு வந்தால் நமது ஊரில் ஒரு வாரத்துக்கு ஒரே பேச்சுத்தான். கணிதப் பிரிவா, விஞ்ஞானப் பிரிவா, கலைப் பிரிவா? இவற்றுக்கு வெளியே போகும் பிள்ளையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. "மகன் பிளாஸ்டிக் ஃபெக்டரிக்குப் போறான் சேர்" என்று சொல்லும்போது வாப்பாவின் குரலே தாழ்ந்துவிடுகிறது. ஏன் தாழ வேண்டும்?

அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். பிளாஸ்டிக் மணிகளை உருக்கி, பெரும் அழுத்தத்தில் இரும்பு அச்சுக்குள் செலுத்தி, ஆறவைத்து எடுப்பதுதான் இன்ஜெக்‌ஷன் மோல்டிங். நம் வீட்டு வாளியும் பேசினும் இப்படித்தான் பிறக்கின்றன. ஹெல்மெட் ஓட்டுக்கு ஏபிஎஸ், வாகன ஹெட்லைட்டின் முன்பக்கத்துக்குப் பொலிகாபனேட், கேபிள் டைக்கு நைலோன், சிறிய பல்சக்கரங்களுக்கு அசெட்டல். இவை பாரத்தையும் அடியையும் தாங்க வேண்டிய பொருட்கள். இங்கே படிப்பு இல்லாமல் வேலை நடக்காது.

பொலிகாபனேட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதை 120 பாகை செல்சியஸில் மூன்று, நான்கு மணித்தியாலம் உலர்த்திய பிறகே உருக்க வேண்டும். உலர்த்தாமல் போட்டால், கிட்டத்தட்ட 300 பாகைச் சூட்டில் அந்த ஈரமே பல்பகுதியச் சங்கிலிகளை அறுத்துவிடும். வகுப்பில் நாம் எழுதிப்போடும் நீர்ப்பகுப்புத்தான் இது. வெளியே வரும் பொருள் சில வேளை பார்வைக்கு நல்லதாகவே இருக்கும். அடி விழும்போதுதான் வெடிக்கும்.

இனி கணக்கு. ஆறும்போது ஏபிஎஸ் ஏறத்தாழ 0.5 வீதம் சுருங்கும், அசெட்டல் ஏறத்தாழ 2 வீதம். 100 மில்லிமீற்றர் நீளப் பொருள் என்றால் ஒன்றில் அரை மில்லிமீற்றர், மற்றதில் 2 மில்லிமீற்றர். அந்த அளவுக்கு அச்சைப் பெரிதாக வெட்டாவிட்டால் மூடி போத்தலில் ஏறாது. தரம் 7 பிள்ளையின் வீதக் கணக்கு இங்கே சோறு போடுகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. சூடு, இரவு ஷிஃப்ட், ஆரம்பத்தில் குறைந்த சம்பளம். பட்டனை மட்டும் அமத்தத் தெரிந்தவர் பத்து வருடம் போனாலும் அதே இடத்தில்தான் நிற்பார். அதனால்தான் சொல்கிறேன், வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். தேசிய தொழிற்தகைமை எனும் என்.வீ.கியூ. ஏணியில் 7 படிகள் உண்டு, கடைசிப் படி பட்டத்துக்குச் சமம். அச்சு வெட்டவும், மெஷின் செட் பண்ணவும், பழுது பார்க்கவும் சான்றிதழோடு கற்றவனை எந்த முதலாளியும் இலகுவில் விடமாட்டார்.

அடுத்த முறை ஊரில் கல்வி வழிகாட்டல் கூட்டம் வைக்கும்போது டொக்டரையும் எஞ்சினியரையும் அழையுங்கள். பக்கத்தில் இன்னொரு கதிரை போட்டு, ஒரு மோல்ட் வேலைக்காரரையும் உட்கார வையுங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் பாதிப்பேருக்காவது அவருடைய பேச்சுத்தான் பயன்படும்.