வண்டலூர் சிங்கம் கூடு திரும்பியது. கங்கைகொண்டான் மானுக்கு வழி என்ன?

நெல்லை,

ராத்திரி நெல்லையில் பஸ் ஏறினால் காலையில் கிளாம்பாக்கம். 2023 டிசம்பரில் அந்த பஸ் நிலையம் திறந்ததில் இருந்து, பட்டணம் போகிற நம்ம ஊர்க் குடும்பங்களுக்கு வண்டலூர் மிருகக்காட்சி சாலை பக்கத்து வீடு மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகள் விடுமா? "சிங்கம் பார்க்கணும்" என்று ஒரே அடம்.

அங்கே வேனில் உட்கார்ந்து, வெளியே உலவும் சிங்கத்தைப் பார்க்கும் சவாரிக்குத்தான் எப்போதும் கிராக்கி. கொரோனாவில் நின்ற அந்தச் சவாரி, இடத்தைச் சீர்செய்து பல வருஷம் கழித்துத்தான் மறுபடி தொடங்கியது. 2025 அக்டோபரில் அங்கேதான் பெரிய பரபரப்பு.

ஷெர்யார் என்ற சிங்கத்தைச் சவாரிக் காட்டுக்குள் விட்டார்கள். பொழுது சாய்ந்தது. சிங்கம் கூட்டுக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சவாரி நிறுத்தப்பட்டது. ஊழியர்கள் குழு குழுவாகத் தேடினார்கள், டிரோனும் பறந்தது. கடைசியில் சிங்கம் கூடு சேர்ந்தது. வேலியைத் தாண்டி அது வெளியே போகவே இல்லை.

"இருக்கிற சிங்கத்தையே தொலைச்சிட்டாங்களே!" என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி இல்லை இது.

யாரும் பார்க்காத அறை

பகலில் வெளியே விடும் சிங்கத்தை அந்தியில் யாரும் கயிறு கட்டி இழுத்து வர முடியாது. தீனி கூட்டுக்குள் இருக்கும். பசிக்கும்; அதுவாக வரும். கதவு சத்தமும், கூப்பிடுகிற ஊழியரின் குரலும் அதற்குப் பழகியிருக்க வேண்டும். ஷெர்யாரோ பெங்களூர் பன்னேருகட்டாவில் இருந்து வந்த சிங்கம். புது வாடகை வீட்டுக்குப் போன பையன் முதல் நாள் தெரு தெரியாமல் முழிப்பதில்லையா?

ஆகவே சிங்கப் பகுதியைப் புதுப்பிப்பது என்றால் வேனுக்குப் பெயிண்ட் அடிப்பதோடு வேலை முடியவில்லை. சிங்கம் ராத்திரி படுக்கும் அறை ஒன்று இருக்கிறது. டிக்கெட் வாங்கியவர் அதைப் பார்ப்பதில்லை. திறப்பு விழாவுக்கு வருகிறவர்களும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது அபூர்வம்.

கொரோனாவும் அந்த வழியாகத்தான் தலைகாட்டியது. 2021 மே கடைசியில் சவாரிப் பகுதிக் கூட்டில் இருந்த சிங்கங்கள் தீனியைத் தொடவில்லை, இருமல் வேறு. 11 சிங்கங்களின் மாதிரியைச் சோதித்ததில் 9-க்கு நோய். ஜூன் 3-ம் தேதி நீலா என்ற பெண் சிங்கம் செத்தது. ஜூன் 16-ல் ஓர் ஆண் சிங்கமும் போயிற்று. ஊரே அடங்கிக் கிடந்த நேரம்; பார்வையாளர் யாரும் கிடையாது. காட்டில் கிடைக்கிற நோயா அது? மனுஷரிடம் இருந்துதான் போயிருக்க வேண்டும்.

சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்கில் "உயிர் காலேஜ்" இருந்த காலத்தைப் பெரியவர்கள் சொல்வார்கள். கம்பிக் கூண்டு, அதற்குள் சிங்கம், பூட்டினால் தீர்ந்தது. வண்டலூரில் 1985 ஜூலை 24-ந்தேதி எம்.ஜி.ஆர். திறந்து வைத்தது அகழியும் மரமுமாக, மிருகம் நடமாட இடம் விட்ட காட்சி சாலை. மிருகத்துக்கு அது நல்லது. காவலுக்கு நிற்பவருக்கு வேலை இரட்டிப்பு.

நம்ம பக்கம்

நெல்லைக்கு இப்படி ஒரு காட்சி சாலை இல்லை. அதற்காகக் குறைப்படவும் வேண்டாம். பாபநாசத்துக்கு மேலே முண்டந்துறை 1962-லேயே புலிகள் சரணாலயம். 1988-ல் களக்காட்டோடு சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமும் ஆயிற்று. தாமிரபரணிக்குத் தண்ணீர் தருவதே அந்த மலைக்காடுதான்.

கவலை எல்லாம் இந்தப் பக்கம், மதுரை ரோட்டில் இருக்கும் கங்கைகொண்டான் பற்றித்தான். 2013-ல் அங்கே 288 ஹெக்டேரைப் புள்ளிமான் சரணாலயமாக அறிவித்தார்கள். மலையில் இல்லை, வெட்டவெளிச் சமவெளி. பக்கத்திலேயே நாலு வழிச் சாலை, ரயில் தண்டவாளம், தொழிற்பேட்டை. சித்திரை வெயிலில் உள்ளே தண்ணீர் வற்றினால் மான் வெளியே வருகிறது. லாரியில் அடிபடுகிறது; தப்பினால் நாய் துரத்துகிறது.

வண்டலூர் சிங்கம் இரண்டு நாள் வராததற்கு டிரோன் பறந்தது. இங்கே ஒரு மான் ரோட்டில் விழுந்தால், விடிந்த பிறகு வனத்துறைக்கு யாராவது போன் போட வேண்டும். அவ்வளவுதான்.

செலவு கோடிக்கணக்கில் இல்லை. பங்குனி பிறக்கும் முன்பே தொட்டிகளில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ரோட்டோர வேலியில் ஓட்டை விழாமல் மாதம் ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும். அந்த நீளத்துக்கு ராத்திரி வண்டிகளின் வேகத்தைக் குறைக்க வைக்க வேண்டும்.

கோவில்பட்டி ரூட் பஸ் டிரைவர்களுக்கு அந்த இடம் அத்துப்படி. விளக்கு வெளிச்சத்தில் ஓரமாக இரண்டு கண் மின்னினால் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிடுவார்கள். வடக்கே இருந்து லோடு ஏற்றி வரும் லாரிக்காரருக்கு இதை யார் சொல்வது?