உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்!

உடும்பைப் பிடிக்கப் போனவன் அதன் பிடியில் மாட்டிக்கொண்டு, "உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்" என்று கதறினானாம். பட்டிக்காட்டுப் பழமொழிதானே என்று ஒதுக்கிவிட வேண்டாம், தோழர்களே! நாகரிகத்தின் உச்சியில் நிற்பதாகக் கூறிக்கொள்ளும் அமெரிக்கா இன்று அதே கதறலைத்தான் கதறுகிறது.

அங்கே புளோரிடா மாநிலத்தில் கேப் கோரல் என்றொரு நகரம். ஆப்பிரிக்காவின் நைல் உடும்புக் குஞ்சுகளைக் கடையில் வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்த்தார்கள் அந்நாட்டார். ஓரடிக் குஞ்சு ஐந்தடி, ஆறடி என்று வளர்ந்தது. நகம் கீறிற்று, வால் சாட்டையாய்ச் சுழன்றது. ஆசை தீர்ந்தது, அவிழ்த்து விட்டனர். தப்பி ஓடியவையும் உண்டு. 1990 முதல் அந்நகரின் கால்வாய்க் கரைகளில் அவை குடியேறிப் பெருகின. மண்ணில் வளை தோண்டி வாழும் ஆந்தைகளுக்கும் ஆபத்து வந்தது. ஆண்டுதோறும் பொறி வைத்துப் பிடிக்கிறார்கள். 2021-ல் அது அம்மாநிலத்தின் தடைசெய்யப்பட்ட உயிரினப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. ஆசைப்பட்டவர் சிலர், அழுவதோ ஊர் முழுதும்!

இந்தப் பித்து இங்கேயும் தலைகாட்டுகிறது. ஆகவேதான் எழுதுகிறோம்.

"அன்பினால் வளர்க்கிறோம்" என்பர் சிலர். எது அன்பு என்று கேட்கிறோம். வெயில் காய்ந்து, வளை தோண்டி, நாளெல்லாம் இரை தேடி அலையும் உயிரை நான்கடிப் பெட்டியில் அடைப்பதா அன்பு? தலைமுறை தலைமுறையாக மனிதனோடு நடந்து பழகிய நாயல்ல உடும்பு. வண்டையும் நத்தையையும் எலியையும் தின்று, கூலி கேட்காமல் வயலில் உழைக்கும் உழவனின் தோழன் அது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில், புலியோடும் யானையோடும் சேர்ந்து நிற்கிறது நம் நாட்டு உடும்பு. பிடித்தாலோ, விற்றாலோ, கறி சமைத்தாலோ மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை. 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். "தோட்டத்தில் கிடைத்த குஞ்சுதானே" என்ற சமாதானம் எடுபடாது.

வெளிநாட்டு உடும்பென்றால்? அதன் வணிகத்துக்கும் உலக ஒப்பந்தக் கட்டுப்பாடு உண்டு. வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டுமென 2024-ல் விதிகள் வந்தன. ஆயினும் பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் பதுக்கிய ஊர்வன சென்னை விமான நிலையத்தில் பிடிபடுவது புதிதல்ல. அங்கே அகப்படுபவன் யார்? மாளிகையில் கண்ணாடிப் பெட்டி வைத்திருப்பவனா? இல்லை! டிக்கெட்டுக்கும் சில ஆயிரம் ரூபாய்க்கும் ஆசைப்பட்டுப் பெட்டி தூக்கி வந்த 'குருவி'! அவன் நம் தெருப் பிள்ளையாக இருக்கக்கூடும். வேலையில்லாத வயிறு, அதை விலைபேசும் வணிகன், வேடிக்கை பார்க்க ஒரு செல்வன். இந்த மூவரில் விலங்கு விழுவது முதல்வன் கைக்குத்தான்!

ஆதலால் தோழர்களே, தெருமுனையில், தேநீர்க் கடையில், தொழிற்சாலை வாயிலில் இதை எடுத்துச் சொல்லுங்கள். வீட்டுக்குள் உடும்பு நுழைந்தால் தடியைத் தேடாதீர். வனத்துறைக்குச் சொல்லி அனுப்புங்கள். "பெட்டி தூக்கி வா, பணம் தருகிறேன்" என்று எவனாவது ஆசை காட்டினால் பழமொழியையே பதிலாக்குங்கள்:

உடும்பும் வேண்டாம், உன் காசும் வேண்டாம். எங்கள் கையை விட்டால் போதும்!